கருவிக்கு விளக்கம் எவ்வளவு எழுதுவது? ஒரு பூக்கடை வழக்கு

வைகைக்கரை:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஏஐ ஏஜென்ட் ஒன்று செய்து கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் விலை சொல்லும், ஆர்டர் எடுக்கும். போன முகூர்த்தத்தன்று ஒருவர் "மல்லி பத்து முழம் என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் விலைக் கருவியை (விலையைப் பார்த்துச் சொல்ல நான் எழுதிக் கொடுத்த சிறு நிரல்) அழைத்தது, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கியது, சொல்லிவிட்டது. வந்ததோ கிலோ விலை. பனிக்காலம், வரத்துக் குறைவு, கிலோ ஆயிரங்களில் நின்ற நேரம். "பூவுக்குச் சொல்கிறீர்களா, பொன்னுக்கா?" என்று அவர் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கம்: "பூ விலை தரும்". மூன்றே சொல். ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாடலைக் குறை சொல்ல மாட்டேன். கருவிக்குள் இருக்கும் நிரல் அதன் கண்ணில் படாது. பெயர், விளக்கம், பாராமீட்டர்களின் ஸ்கீமா (கருவிக்கு எந்தெந்த விவரத்தை எந்த வடிவில் தர வேண்டும் என்ற பட்டியல்), அவ்வளவுதான் தெரியும். ஆகவே விளக்கத்தைத் தாராளமாக எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சுருக்குப்பை:
தாராளம் என்றால் காசு யார் கொடுப்பது? நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் மாடலை அழைக்கும்போதெல்லாம் கூடவே போகிறது. கருவி அழைக்கப்பட்டாலும் படாவிட்டாலும் டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் துண்டு, கட்டணத்துக்கும் அதுவே கணக்கு) செலவு உண்டு. இருபது கருவிக்கு இருபது பக்கம் எழுதினால் முக்கியமான வரி அதில் புதைந்துபோகும்.

உங்கள் கோளாறு விளக்கத்தில் இல்லை, விடையில் இருக்கிறது. வெறும் எண்ணைத் திருப்பித் தருகிற கருவியை யார் எழுதச் சொன்னார்கள்? "அலகு: கிலோ" என்று எண்ணோடு சேர்த்து அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கதவில்லாத வீட்டுக்கு "உள்ளே வராதீர்" என்று பலகை மாட்டுகிறீர்கள்.

வைகைக்கரை:
அலகை இன்றே சேர்த்துவிடுகிறேன், அது நியாயம். ஆனால் கிலோ என்று தெரிந்தவுடன் மாடல் அடுத்து என்ன செய்யும்? கிலோவுக்கு இத்தனை முழம் என்று தானாக ஒரு கணக்குப் போடும். அப்படிக் கணக்கே கிடையாது தம்பி. நெருக்கிக் கட்டினால் ஒன்று, இடைவெளி விட்டுக் கட்டினால் ஒன்று, அளக்கிறவர் கை நீளம் வேறு. மாமா விற்பது உதிரிப் பூ மட்டும். "முழக்கணக்கில் கேட்டால் இதை அழைக்காதே, கட்டிய பூ இங்கே இல்லை என்று சொல்" என்பதை எந்த ஸ்கீமாவில் அடைப்பீர்கள்?

ஆரப்பாளையத்தான்:
என் அனுபவம் ஒன்று. பஸ் நேரம் சொல்லும் ஏஜென்ட் எழுதிப் பார்த்தேன். மாட்டுத்தாவணிக்கு ஒரு கருவி, ஆரப்பாளையத்துக்கு ஒரு கருவி, இரண்டுக்கும் "மதுரையிலிருந்து புறப்படும் பஸ் நேரம்" என்று ஒரே விளக்கம். தேனிக்குப் போக வேண்டியவரை மாட்டுத்தாவணிக்கு அனுப்பி வைத்தது. "தேனி, திண்டுக்கல், கோவைக்கு ஆரப்பாளையம், திருச்சி, சென்னை, திருநெல்வேலிக்கு மாட்டுத்தாவணி" என்று எழுதிய பிறகுதான் ஒழுங்காயிற்று.

சுருக்குப்பை:
இரண்டு கருவி எதற்கு அண்ணே? ஊரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், எந்த நிலையம் என்பதை நிரல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆரப்பாளையத்தான்:
அதையும் செய்தேன். பாராமீட்டருக்கு 'ஊர்' என்று பெயர் வைத்தேன். மாடல் அதில் 'மதுரை' என்று நிரப்பியது! 'சேரும் ஊர்' என்று மாற்றினேன், விளக்கத்தில் ஒரு சொல்கூடக் கூட்டாமலே சரியானது. அந்த இடத்தில் உங்கள் கட்சிக்கு ஓட்டு.

மேலமாசி:
விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாமா?

சுருக்குப்பை:
எழுதலாம், மாடலுக்குப் புரியும். ஆனால் அதே செய்திக்குத் தமிழில் டோக்கன் பெரும்பாலும் அதிகமாகும். கருவியின் பெயருக்குப் பல இடங்களில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு போன்றவை மட்டுமே அனுமதி. நான் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, முழம், உதிரி போன்ற சொற்களை மட்டும் தமிழில் விடுவேன். மல்லி என்றால் பூ, கொத்தமல்லி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வைகைக்கரை:
இன்னொன்று. ஏஜென்ட்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி (MCP) நெறிமுறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட பிறகு, அதன்படி திறந்து வைத்தால் நம் கருவியை மற்றவர்களின் ஏஜென்டும் இணைத்துக்கொள்ள முடிகிறது. அந்த மாடலுக்கு மாமாவின் கடையைப் பற்றி என்ன தெரியும்? இதோ திருத்திய விளக்கம்:

"மதுரைக் கடை ஒன்றின் உதிரிப் பூ விலை, கிலோவுக்கு, ரூபாயில். காலை விலை; பகலில் மாறும். முழம், சரம், மாலை விலைக்கு இதை அழைக்காதே. கட்டிய பூ இல்லை என்று சொல். அளவு புரியாவிட்டால் கேட்டவரிடமே கேள்."

சுருக்குப்பை:
"மதுரைக் கடை ஒன்றின்" என்பதை வெட்டலாம். மற்றதில் கை வைக்க மாட்டேன். இவ்வளவுதான் என்றால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

வைகைக்கரை:
வெட்ட மாட்டேன், வெளியூர் ஏஜென்ட் திண்டுக்கல் விலையென்று சொல்லிவிடும்.

இன்று காலை ஒருவர் "மூன்று பந்து மல்லி" என்று கேட்டிருக்கிறார். பந்து என்ற சொல் நம் இருவருக்குமே தோன்றவில்லை. ஏஜென்ட் "எத்தனை கிலோ வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறது.

சுருக்குப்பை:
கடைசி வரியின் வேலை. அதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துப் பாருங்களேன்.

வைகைக்கரை:
முகூர்த்தம் முடியட்டும்.