மறு: ‘கமிட்’ ஆவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், ‘உங்கள் அணிக்கு வருகிறேன்’ என்று பள்ளி வீரர் சொல்வதை ‘கமிட்’ என்பார்கள். இதற்கும் இதுபோன்ற சொற்களுக்கும் தமிழ் கேட்டுப் போன வாரம் போட்ட கேள்விக்கு இத்தனை மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பலவற்றை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், சிலவற்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துக்கு நமக்கு எதற்கு ஐயா சொல்?’ என்று கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம். வார இறுதியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘எனக்குப் பிடித்த அணி’ என்று கட்டுரை கேட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகள் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியைத்தான் எழுதும். (கால்பந்து என்று நான் சொல்வதெல்லாம் இங்கே அமெரிக்கக் கால்பந்து.) பதினோரு வயதுப் பெண் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: “டிலன் ராயோலா நெப்ராஸ்காவுக்கு அர்ப்பணித்தார்.” (ராயோலா இந்த அணிக்குப் பந்து எறிய வந்த பையன்.) எதை அர்ப்பணித்தார் என்று கேட்டேன். “கமிட் பண்ணினார். அகராதியில் அப்படித்தான் போட்டிருந்தது” என்றாள். சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தேன். மேலே சரியான சொல்லை எழுதப் போனால் கை நின்றுவிட்டது. என்னிடம் சொல் இல்லை. அவளுடைய நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இந்த அணி ஐந்து முறை தேசியப் பட்டம் பெற்றது: 1970, 1971, 1994, 1995, 1997. அப்புறம் மெல்ல மெல்ல இறக்கம். 1999-க்குப் பிறகு தன் குழுமத்தின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டு) பட்டத்தைக்கூட வெல்லவில்லை. 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 2021-இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்குள். கடைசி நிமிடம் வரை கையில் இருந்த ஆட்டம், வீட்டுக்குப் போகும்போது இல்லை. இவ்வளவுக்கும் அணியின் சொந்த மைதானமான மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் இன்று வரை ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதாகக் கணக்கு இல்லை.

இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகர்கள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்? அடுத்த வருஷம் யார் வருகிறார் என்பதைத்தான். எந்த ஊர்ப் பள்ளியில் எந்தப் பையன் பந்து எறிகிறான், யார் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள், எப்போது முடிவு சொல்வான், பேச்சு முழுக்க இதுவே. 2023 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. என்னோடு வேலை பார்க்கும் பெரியவர், நாற்பது வருஷமாகப் பருவச் சீட்டு வைத்திருப்பவர், போனை என் மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்த டிலன் ராயோலா, அதை விட்டு நெப்ராஸ்காவுக்கு வருகிறார் என்று செய்தி. டிலனின் அப்பா டொமினிக் ராயோலா இதே அணியில் சென்டராக (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் வீரர்) ஆடியவர். சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பையை 2000-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. பெரியவருக்கு அது வீட்டுப் பிள்ளை திரும்பி வந்த மாதிரி. அந்த நாளைத் தமிழில் எழுத ஒரு பதினோரு வயதுப் பெண்ணுக்கு நாம் சொல் தர வேண்டாமா?

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> ‘ரெக்ரூட்டிங்’ என்றால் ஆட்சேர்ப்பு. ஏற்கெனவே இருக்கும் சொல், புதிதாக எதற்கு?

நானும் முதலில் அதைத்தான் எழுதியிருந்தேன். மட்டக்களப்பு அக்காவின் மறுமொழி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

> அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு வேறு நினைவுதான் வரும். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அதை வைத்து எழுத வேண்டாம், தம்பி.

அக்கா, இதற்கு மேல் எனக்கு வாதம் வேண்டாம். ஒரு சொல்லைக் கேட்டதும் பாதித் தமிழர்களுக்கு வாசற்கதவைத் தாழிடத் தோன்றும் என்றால், அது விளையாட்டுக்கு ஆகாது. அதை விட்டுவிட்டோம்.

பொருளை வைத்துப் பார்த்தாலும் ‘ஆட்சேர்ப்பு’ இங்கே பொருந்தவில்லை. ஆட்சேர்ப்பில் சேர்க்கிறவர் உட்கார்ந்திருப்பார், சேருகிறவர் வரிசையில் நிற்பார். இங்கே தலைகீழ். பயிற்சியாளர் விமானம் ஏறிப் பையன் வீட்டுக்குப் போகிறார், கூடத்தில் உட்கார்ந்து அம்மா போடுவதைச் சாப்பிடுகிறார், பாட்டியிடம் பேசுகிறார். நெப்ராஸ்காவில் மொத்த மக்கள்தொகையே சுமார் இருபது லட்சம்தான். உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்து மட்டும் அணி கட்ட முடியாது. டெக்சஸ், கலிஃபோர்னியா, ஃபுளோரிடா என்று தூரத்துப் பிள்ளைகளைக் கெஞ்சிக் கொண்டுவந்தாக வேண்டும். 2011-இல் பிக் 12 குழுமத்தை விட்டு பிக் டென்னுக்குப் போன பிறகு டெக்சஸ் பக்கம் ஆடப் போவதே அரிதாகிவிட்டது. ‘என் மகன் ஆடுவதை நான் எங்கே வந்து பார்ப்பேன்?’ என்று அங்கத்திய அம்மா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அணியின் இறக்கத்துக்கு இதையும் ஒரு காரணமாக இந்த ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: வரவழைப்பு. அணி வீரரை வரவழைக்கிறது. பயிற்சியாளர் நீட்டும் உதவித்தொகை இடம், அதாவது ‘ஆஃபர்’, அழைப்பு. ‘அவனுக்குப் பன்னிரண்டு கல்லூரிகளிலிருந்து அழைப்பு’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இந்தச் சொல்லோடு இன்னொன்றும் கூடவே வந்து சேர்ந்தது, அதில்தான் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ‘வாக்-ஆன்’ என்பவர் யாரும் அழைக்காமல், உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து அணியில் இடம் கேட்கும் மாணவர். வரவழைத்தவர் ஒருபுறம் என்றால் இவர் தன்வரவு வீரர். பாப் டெவேனி, டாம் ஆஸ்போர்ன் ஆகியோர் பயிற்சியாளர்களாக இருந்த காலத்தில் இந்த மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களில், பண்ணை வீடுகளில் வளர்ந்த பையன்கள் இப்படி வந்து நின்றார்கள். வெளியூரிலிருந்தும் வந்தார்கள். ஐ. எம். ஹிப் தென் கரோலினாவிலிருந்து உதவித்தொகை இல்லாமல் வந்து, 1977-இல் அணியின் முதன்மை ஓட்டக்காரர் ஆனார். உடல் வலுவில் பின்தங்கியவர்கள் நாலு வருஷம் எடை தூக்கித் தூக்கிக் கடைசியில் களத்தில் இறங்குவார்கள். அவர்களுக்காக ஊரே எழுந்து நின்று கைதட்டும். 2025 முதல் அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு உதவித்தொகைக்குத்தான் 85 என்று வரம்பு இருந்தது, தன்வரவு வீரர்கள் அதற்கு மேல் எத்தனை பேரும் இருக்கலாம். இனி அவர்கள் குறைவார்கள். அதனாலேயே அவர்களுக்கு ஒரு நல்ல சொல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது முக்கியமான இடம்.

> ‘கமிட்’ என்றால் வாக்கு கொடுத்தார். ‘டிகமிட்’ என்றால் வாக்கு தவறினார். இதைவிட எளிய தமிழ் ஏது?

மதுரை ஐயா, எளிமை சரிதான். ஆனால் ‘வாக்கு’ என்ற சொல்லின் கனத்தை நினைத்துப் பாருங்கள். தமிழில் வாக்கு தவறியவனுக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டோம். இங்கே நடப்பது அது இல்லை. பள்ளிப் பிள்ளை ‘நான் உங்கள் கல்லூரிக்கு வர நினைக்கிறேன்’ என்று வாயால் சொல்வதுதான் ‘கமிட்’. அது அவனைக் கட்டாது. கல்லூரியையும் கட்டாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். பயிற்சியாளர் இன்னும் நல்ல வீரர் கிடைத்தால் பழைய அழைப்பைத் திரும்பப் பெறலாம். பயிற்சியாளரையே வேலையை விட்டு அனுப்பினால், அவரை நம்பிச் சொன்ன பிள்ளை நடுத்தெருவில். நெப்ராஸ்காவில் 2022 செப்டம்பரில் பருவம் தொடங்கி மூன்றே ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்டை நீக்கினார்கள். நவம்பர் கடைசியில் புதிய பயிற்சியாளர் மேட் ரூல் வரும்வரை, அழைப்பு வாங்கிய பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? இருவரையும் கட்டாத ஒன்றுக்கு ‘வாக்கு’ என்று பெயர் வைத்தால், தவறிய பழி முழுக்கப் பதினேழு வயதுப் பையன் தலையில் விழும். நாம் சொல் செய்யும்போது அந்த அநியாயத்தைச் சேர்த்துச் செய்யக் கூடாது.

டிலன் ராயோலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வருவதாகச் சொன்னார். அந்த டிசம்பரில் அதிலிருந்து விலகினார். 2023 மே மாதம் ஜார்ஜியா. டிசம்பரில் நெப்ராஸ்கா, அந்த வாரமே கையொப்பம். மூன்று முறை ‘வாக்கு’ கொடுத்தார், இரண்டு முறை ‘தவறினார்’ என்று எழுதினால் ஏதோ மோசடிக்காரர் கதைபோல ஆகிவிடும். பையன் மூன்று இடம் பார்த்தான், கடைசியில் அப்பா ஆடிய இடத்தைத் தேர்ந்தான். நடந்தது அவ்வளவுதான்.

> கல்யாணத்தில் ‘பேசி முடிச்சாச்சு’ என்போமே, அதை எடுத்துக்கொண்டால் என்ன? இல்லாவிட்டால் ‘நிச்சயம்’?

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதையே எழுதிப் பார்த்தேன். ‘டெக்சஸ் பையனைப் பேசி முடித்துவிட்டார்கள்’ என்றால் காட்சி அப்படியே கண்ணில் வருகிறது. ஆனால் ‘முடிந்தது’ என்ற சொல் உள்ளே இருக்கிறது, முடியாத ஒன்றுக்கு. நிச்சயமும் அப்படியே, நிச்சயம் நின்றுபோனால் இரண்டு குடும்பத்துக்கும் மனக்கசப்பு.

நான் சொல்வது இசைவு. அலுவலகத் தமிழில் இசைவாணை, இசைவுக் கடிதம் என்று ஏற்கெனவே புழங்குகிறது. சம்மதம் இருக்கிறது, சத்தியம் இல்லை. வினையாகவும் நன்றாக வளைகிறது: பையன் நெப்ராஸ்காவுக்கு இசைந்தான், இசைவு தந்தான், இசைவை விலக்கிக்கொண்டான். இவர்களைப் பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது ‘இந்த ஆண்டு இசைந்தவர்கள் பதினெட்டுப் பேர்’ என்று சொல்லலாம். ‘இசை’ என்றால் பாட்டு என்று பிள்ளைகள் குழம்புமே என்றார் ஒருவர். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஒரு பிள்ளையும் குழம்பவில்லை.

> ‘ஃபிளிப்’பை யோசிக்கவே வேண்டாம். தாவல். கட்சித் தாவல் மாதிரி.

‘ஃபிளிப்’ என்பது ஒரு கல்லூரிக்குச் சொன்னதை விட்டு இன்னொரு கல்லூரிக்கு வருவதாகச் சொல்வது. இதிலும் எனக்குக் கருத்து வேறுபாடு. கட்சி தாவுகிறவர் மக்களிடம் ஓட்டு வாங்கிய பிறகு தாவுகிறார். இந்தப் பையன் இன்னும் எதையும் வாங்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எழுத்தில் இசைவு மாற்றம் போதும். பேச்சில் ‘நம்ம பக்கம் வந்துவிட்டான்’ என்று சந்தோஷமாகச் சொல்வோம், அது தானாக வரும்.

கல்லூரியில் சேர வீரர் கையெழுத்துப் போடும் நாளுக்குக் கையொப்ப நாள் என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறேன். 2017 முதல் பெரும்பாலானவர்கள் டிசம்பரிலேயே போட்டுவிடுகிறார்கள், அதற்கு முன் பிப்ரவரியின் முதல் புதன்கிழமை. அப்போது கையெழுத்திட்ட ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற கடிதத்துக்கு ‘விருப்பக் கடிதம்’ என்று முன்பு குறித்திருந்தேன். அந்த ஏற்பாட்டையே 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், சொல்லும் வேண்டாம். மிகச் சிறந்த பள்ளி வீரர்களை ஐந்து நட்சத்திர வீரர் என்பதை விண்மீன் ஆக்க வேண்டியதில்லை. பந்து எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அப்படியே இருக்கட்டும்.

‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ பற்றி ஒரு வார்த்தை. இடமாற்ற வாசல், நுழைவாயில் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். உண்மையில் அங்கே வாசல் எதுவும் இல்லை. 2018 அக்டோபரில் தொடங்கிய ஒரு பதிவேடு அது. வேறு கல்லூரிக்குப் போக நினைக்கும் மாணவரின் பெயரை அதில் சேர்ப்பார்கள், மற்ற பயிற்சியாளர்கள் பார்த்துப் பேசலாம். இடமாற்றப் பதிவேடு என்றால் சரியாக இருக்கும். ‘பெயர் கொடுத்துவிட்டார்’ என்பது வினை. 2025 பருவத்துக்குப் பிறகு டிலன் ராயோலாவும் பெயர் கொடுத்து ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த அன்று பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், அடுத்து யார் வரக்கூடும் என்று ஒரு காகிதத்தில் நாலு பெயர் எழுதிக்கொண்டு வந்தார்.

முடிவாகாமல் நிற்பது ‘ரெட்ஷர்ட்’. ஒரு வருஷம் அணியோடு பயிற்சி மட்டும் எடுத்து, ஆடும் தகுதியில் ஓர் ஆண்டைச் சேமித்து வைப்பது. ஐந்து ஆண்டில் நாலு பருவம் ஆடலாம்; 2018 முதல் அந்த ஆண்டில் நாலு ஆட்டம் வரை இறங்கினாலும் சேமிப்பு போகாது. இந்தச் சொல் பிறந்ததே நெப்ராஸ்காவில் என்பார்கள். 1937-இல் வாரன் ஆல்ஃப்சன் என்ற மாணவர், முன்னால் நல்ல வீரர்கள் இருக்கிறார்கள், இந்த வருஷம் பயிற்சி மட்டும் எடுக்கிறேன் என்று கேட்டு, எண் இல்லாத சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டாராம். நேராகச் ‘செஞ்சட்டை’ என்று எழுதினால் தமிழில் தொழிற்சங்கப் பேரணிதான் கண்ணில் வரும். ‘காத்திருப்பு ஆண்டு’ என்றால் பொருள் சரி, ஆனால் அந்தச் சட்டை போய்விடுகிறது. எண் இல்லாத சட்டை என்பதிலிருந்து ஏதாவது பிடிக்க முடியுமா? ‘எண்ணிலி’ என்று யோசித்தேன், அது எண்ணற்றது என்று திரும்பிவிடுகிறது.

மட்டக்களப்பு அக்கா, ‘வரவழைப்பு’ உங்கள் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மதுரை ஐயா, ‘இசைவு’க்கு உங்கள் எதிர்ப்பு இன்னும் இருந்தால் அதையும் எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, அந்த நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
லிங்கனிலிருந்து