அனெக்ஸில் தங்கிப் படிக்கும் தம்பி குடிக்கத் தொடங்கிவிட்டான்: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை அக்கா:
வணக்கம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்த என் தம்பி, வெள்ளவத்தையில் நான்கு பேருடன் ஓர் அனெக்ஸில் தங்கியிருக்கிறான். வயது 20. வந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. சனிக்கிழமைகளில் சாராயம் குடிப்பதாக அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான். எங்கள் அப்பா குடியால் ஈரல் கெட்டு இறந்தவர் என்பதால் எனக்கு இரவில் நித்திரை இல்லை. உறவினர்கள் "கூடாத சேர்க்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அனெக்ஸை மாற்றினால் போதுமா? மாணவர்களை மிதமிஞ்சிய குடிக்கும் போதைப்பொருளுக்கும் கொண்டுசெல்லும் காரணங்களை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தாதி:
மகள், சேர்க்கையும் ஒரு காரணம்தான். ஆனால் ஒரே வீட்டில் தங்கும் ஐந்து பேரும் ஒரே அளவில் குடிப்பதில்லையே. மதுவுக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்குப் பரம்பரையாக வரும் மரபணுக்களே காரணம் என்று இரட்டையர்களைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உங்கள் பயம் வீணானதன்று. அதற்காக அப்பாவின் முடிவுதான் தம்பிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அவனிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: மற்றவர்கள் தள்ளாடும் அளவுக்குக் குடித்த பிறகும் அவன் நிதானமாக நிற்கிறானா? பையன்கள் அதைக் கெட்டித்தனம் என்று மெச்சுவார்கள். குடிநோயாளிகளின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும் இந்தத் தாங்குசக்தி, "போதும்" என்று உடல் கொடுக்க வேண்டிய எச்சரிக்கையைப் பிந்தவைப்பதால், அவர்கள் அளவு தெரியாமல் குடித்து, பிற்காலத்தில் அடிமையாகும் அபாயத்துக்கு உள்ளாகிறார்கள். இதை விளக்கியபோது திகைத்துப்போன பிள்ளைகளை நான் வேலைசெய்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

முதன்முதலில் எந்த வயதில் குடித்தான் என்பதையும் கேளுங்கள். 15 வயதுக்கு முன்னரே தொடங்கியவர்களுக்கு அபாயம் அதிகம். மனச்சோர்வு, பதற்றம், நித்திரையின்மை ஆகியவற்றை அடக்குவதற்காகக் குடிப்பவன், கூட்டத்தோடு சிரித்துப் பேசுவதற்காகக் குடிப்பவனைவிட வேகமாகச் சிக்கலில் விழுகிறான்.

தெஹிவளை முன்னாள் மாணவன்:
அக்கா, நானும் ஊரிலிருந்து வந்து அறையெடுத்துப் படித்தவன். வந்த முதல் சில வாரங்கள்தான் கடினமானவை. விரிவுரை முடிந்து அறைக்குத் திரும்பினால் கதைக்க ஆளில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு நேரம் நகராது. அப்போது போத்தலைச் சுற்றி உட்காரும் கூட்டமே குடும்பம்போலத் தோன்றும். பகிடிவதைக்குப் பயந்த சிலர் சீனியர்மாரின் தயவுக்காகவும் குடித்தார்கள். பட்ச் முழுவதும் குடிக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். பின்னர் விசாரித்தபோது, குடிக்காதவர்கள் பலர் சத்தமில்லாமல் அறைகளில் இருந்திருக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக் கூடாது. ஆகவே அந்த வீட்டில் வாங்கிவருபவர் யார் என்று பாருங்கள். பரீட்சைக் காலத்தில் இன்னும் விழிப்பாக இருங்கள்: விடிய விடியப் படிக்கலாம் என்று சொல்லித்தான் ஐஸ் என்ற போதைப்பொருளை நீட்டுவார்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்:
படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா, அதை நான் ஏற்கமாட்டேன். தானாகவே உண்மையைச் சொன்ன பிள்ளையைத் தண்டித்தால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். மகள், குடி வாரநாட்களுக்கும் பரவினாலோ, நடந்தது நினைவில்லை என்று அவன் சொன்னாலோ தாமதிக்க வேண்டாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கும், மனச்சோர்வு தெரிந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
மிக்க நன்றி. அந்தத் தாங்குசக்தி பற்றி வாசித்ததும் நெஞ்சு பதறியது. அப்பாவையும் எல்லோரும் அப்படித்தான் மெச்சினார்கள். இனி ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி தம்பியிடம் கேட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.