அமெரிக்காவில் வேதியியல் முனைவர் படிப்பு: ஆய்வுக்குழுவில் சேரும் முன் கேட்க வேண்டியவை

வேதியியல் முனைவர் பட்டத்துக்காக இந்தப் பருவத்தில் அமெரிக்கா வந்திருக்கும் நண்பர்களுக்கு இதை எழுதுகிறேன். நம் ஊரில் பெரும்பாலும் கைடு யார் என்பது முடிவான பிறகே பிஎச்.டி. பதிவு நடக்கும். இங்கோ பல துறைகளில் முதலில் துறைதான் உங்களைச் சேர்த்துக்கொள்கிறது. முதல் பருவத்தில் டீச்சிங் அசிஸ்டண்டாக இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுத்துக்கொண்டே பேராசிரியர்களைச் சந்தித்து, விருப்பப் பட்டியலைத் துறையிடம் கொடுத்த பின்னரே ஒரு குழுவில் இடம் கிடைக்கிறது. வீடு, வங்கிக் கணக்கு என்று அலைவதில் அந்தச் சில வாரங்களைக் கரைத்துவிடாதீர்கள்.

பேராசிரியரிடம் பணத்தைப் பற்றிக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால், ரிசர்ச் அசிஸ்டண்டாக உங்களை வைத்துக்கொள்ள அவரிடம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, இருக்கிறது என்று கேட்பதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. நான் ஆய்வுத் தலைப்பின் அழகை மட்டும் பார்த்துச் சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டில் கிராண்ட் முடிந்தபோது, பருவத்துக்குப் பருவம் வகுப்பு எடுத்தபடியே இரவில் ஆய்வக வேதிவினைகளை ஓட்ட வேண்டியதாயிற்று.

குழுவின் உண்மை நிலவரம் மூத்த மாணவர்களிடம்தான் கிடைக்கும். பேராசிரியர் உடன் இல்லாத நேரத்தில் அவர்களைக் காபிக்கு அழைத்து, கடைசியாகப் பட்டம் பெற்ற மூவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, இடையில் விலகியவர் யார், ஏன் விலகினார் என்று விசாரியுங்கள். விலகியவரைப் பற்றிய கேள்விக்கு எல்லோரும் மௌனமானால், அந்த மௌனத்தையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது பாதுகாப்பை. 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சேர்ந்து சில மாதங்களே ஆன 23 வயது ஆய்வு உதவியாளரான பெண் ஒருவர், காற்றுப் பட்டதும் தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது அதன் உள்தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் ஆய்வகக் கோட் அணிந்திருக்கவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் தீப்பற்றிக்கொள்ள, 18 நாட்களுக்குப் பின் இறந்துபோனார். அந்தப் பெண்ணின் வயதில்தான் நம்மில் பலர் இங்கு வந்து இறங்குகிறோம்.

ஆகவே ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியையும் காற்றுப் புகாத குளோவ் பாக்ஸையும் மட்டும் வியந்து பார்த்துத் திரும்பாமல், நச்சு ஆவிகளை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் முன் நிற்பவர்கள் கோட்டும் கண்ணாடியும் அணிந்திருக்கிறார்களா, இத்தகைய சேர்மங்களை முதன்முறை கையாளும்போது அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று கற்றுத்தருவாரா என்று பாருங்கள், கேளுங்கள். சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திச் சட்டைகளையே ஆய்வகத்துக்கு உடுத்துங்கள். தீப்பற்றும் சேர்மங்களுடன் வேலை என்றால், உங்கள் அளவில் தீ தாங்கும் கோட் கைக்கு வரும்வரை அந்த வினையைத் தொடங்காதீர்கள்.