சின்ன ஜிக், சொஃப்ட் பிளாஸ்ரிக்: புளூகில் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது, என்ன செய்யலாம்?

ஸ்காபரோ_தூண்டில்காரன் எழுதியது:

வணக்கம். வார இறுதிகளில் ஒன்ராறியோவில் ரைஸ் லேக் ஏரிப் பக்கம் போய் டொக்கில் (படகுத்துறை மேடையில்) நின்று மீன் பிடிக்கிற ஆள் நான், படகு கிடையாது. மண்புழு போட்டால் புளூகில், பம்ப்கின்சீட் என்ற சின்ன ஏரி மீன்கள் எல்லாம் நன்றாகவே எடுக்கிறது, ஆனால் வருவதில் முக்கால்வாசி உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள், அதுவும் தூண்டில் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டுத்தான் வரும். அதைக் கழற்றி எடுப்பதற்குள் மீன் செத்துவிடும். கூட வருகிற பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதனால் இந்த முறை சொஃப்ட் பிளாஸ்ரிக் (மெத்தென்ற செயற்கை இரை) வாங்கினேன். 1/8 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்), அதில் கோர்க்க 2 அங்குல சுருள்வால் குரப் (புழு வடிவப் பிளாஸ்ரிக்), 10 இறாத்தல் தாங்கும் தங்கூசி (தூண்டில் நூல்), வீட்டில் இருந்த மீடியம் றொட் (நடுத்தர விறைப்புள்ள தூண்டில் கம்பு). டக் டக் என்று தட்டுவது கைக்குத் தெரிகிறது, வெட்டி இழுத்தால் ஒன்றும் இல்லை, வாலில் பாதி காணாமல் போயிருக்கும். பக்கத்தில் நின்ற ஒருவர் அதே இடத்தில் பிளாஸ்ரிக் போட்டே கிராப்பி மீன் எடுத்துக்கொண்டிருந்தார், கேட்கக் கூச்சமாக இருந்தது. நிறம் பிழையா, இடம் பிழையா?

பீற்றர்பரோ_மாமா எழுதியது:

தம்பி, நிறமும் இல்லை இடமும் இல்லை. பாரம்தான்.

புளூகில் இரையைக் கடித்துப் பிடிக்கிற மீன் இல்லை. கிட்ட வந்து நின்று பார்க்கும், பிறகு வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். அந்தச் சின்ன வாய்க்கு 1/8 அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம் ஈயத்தை உறிஞ்சி இழுக்க முடியாது, மெல்லிய வால்தான் வாய்க்குள் போகும். நீங்கள் உணர்கிற டக் டக் அதுதான். 1/32க்கு இறங்குங்கள், அது ஒரு கிராம்கூட வராது. அலை இல்லாத நாளில் 1/64 இன்னும் நல்லது. முள் 8ஆம் இலக்கம், பிளாஸ்ரிக் ஒரு அங்குலம், கூடிப்போனால் ஒன்றரை. கையில் இருக்கும் குரப்பை எறிய வேண்டாம், தலைப் பக்கத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கோர்த்தால் முள் வாலுக்குக் கிட்டவாக வந்துவிடும்.

தங்கூசியையும் மாற்ற வேண்டும். 10 இறாத்தல் தங்கூசி றீலில் இருந்து சுருள் சுருளாகத்தான் வரும், ஒரு கிராம் பாரத்தால் அதை நிமிர்த்த முடியாது, ஜிக் விழுகிற இடத்தில் தொங்கிக்கொண்டே நிற்கும். 4 இறாத்தல் மொனோ (ஒற்றை இழைத் தங்கூசி) போதும். ரைஸ் லேக்கில் பாசி அதிகம் என்பதால் 6 போடுகிறவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

இவ்வளவு இலேசானதை எப்படி எறிவது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். ஒரு சின்னத் தக்கை போடுங்கள். தக்கையின் பாரம் ஜிக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜிக்கைத் தக்கைக்குக் கீழே இரண்டு மூன்று அடியில் விடுங்கள். இரண்டு தடவை றீலைச் சுற்றி நிறுத்துங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், மறுபடி இரண்டு சுற்று. தக்கை நகரும்போது ஜிக் மேலே எழும்பும், நிற்கும்போது ஆடி ஆடிக் கீழே இறங்கும், மீன் எடுப்பது அந்த இறக்கத்தில்தான். நம் ஆட்கள் நிறுத்தவே மாட்டார்கள், இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அந்த வேகத்துக்குப் பாஸ் மீன் வரும், புளூகில் வராது.

இன்னொன்று, முடிச்சு. ஜிக்கின் கண்ணில் முடிச்சு முன்பக்கமாகச் சரிந்திருந்தால் ஜிக் தலை மேலாக, வால் கீழாகத் தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சை விரலால் மேலே தள்ளி, ஜிக் கிடைமட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலைகூட இல்லை.

மிசிசாகா_மதுரைக்காரன் எழுதியது:

மாமா சொன்னதில் முக்கால்வாசி சரி, ஆனால் தக்கை இல்லாமலும் பிடிக்கலாம் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன், எனக்கு அதுதான் பிடிக்கும். மிக இலேசான அல்ட்ராலைட் ராடும் 1000 சைஸ் சின்ன ரீலும் இருந்தால் 1/32 ஜிக்கை ஓரளவு தூரம் வீசலாம், அப்புறம் லைனைத் தளர்த்தாமலும் இறுக்காமலும் விட்டு அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கையில் ஒன்றும் தெரியாது, லைன் லேசாகப் பக்கவாட்டில் நகரும் அல்லது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான் கடி. அது கிராப்பியாக இருந்தால் ஓங்கி வெட்டி இழுக்காதீர்கள், அதன் வாய் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும்.

கிராப்பிக்குக் கண் மேல்நோக்கி இருக்கிறது, தனக்கு மேலே இருப்பதைத்தான் எழும்பி வந்து எடுக்கும், கீழே போனதைத் தேடி இறங்குவது அபூர்வம். ஆகவே ஆழம் தெரியவில்லையென்றால் மேலிருந்து ஆரம்பித்து அரை அடி அரை அடியாக இறக்குங்கள். பக்கத்தில் நின்றவருக்கு கிராப்பி கிடைத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கடையில் டங்ஸ்டன் ஜிக் வாங்கச் சொல்வார்கள். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், அதே எடையில் தலை சின்னதாக இருக்கும், சீக்கிரம் இறங்கும். ஐஸ் ஃபிஷிங்குக்கு அருமை. உங்களுக்கு வேண்டியது மெதுவாக இறங்குவது, அதனால் இந்த வேலைக்கு அந்தக் காசு தண்டம். ஈயம் பிடிக்காது என்றால் டின் (வெள்ளீயம்), பிஸ்மத் உலோக ஜிக்குகள் கிடைக்கின்றன, விழுங்கிய ஈயத்தால் லூன் பறவைகள் சாவது இங்கே தெரிந்த விஷயம்தான்.

பெர்க்லி கல்ப் என்ற வாசனை ஏற்றிய செயற்கை இரை வாங்கினால் வாசனைக்கு மீன் கொஞ்ச நேரம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும், ஆனால் ராடைச் சாய்த்து வைத்துவிட்டு டிம் ஹார்டன்ஸ் காப்பிக் கடைக்குப் போய் வந்தால் அது கொக்கியிலேயே காய்ந்து கல்லாகிவிடும். இசட்-மேன் கம்பெனியின் ரகத்தை மற்ற பிளாஸ்டிக்கோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஏரிக்கரை_அக்கா எழுதியது:

எல்லாரும் பிளாஸ்ரிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், புழுவை ஏன் விட வேண்டும்? ஜிக் நுனியில் அரை அங்குல மண்புழு வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே மீன் வருகிறது, பிள்ளைகளோடு போகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? புழு கொஞ்சமாக இருந்தால் விழுங்குவதும் குறைவு. முள் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டி நிற்கிற சின்ன எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபம்.

குஞ்சு மட்டுமே வருகிறது என்றால் பத்தடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். டொக்கின் நிழலில் நிற்பது குஞ்சுதான். மே கடைசியிலும் ஜூனிலும் தண்ணீர் 20 பாகைக்கு வந்ததும் ஆழமில்லாத மணலில் வட்ட வட்டமாகக் கூடுகள் பக்கம் பக்கமாகத் தெரியும். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு ஆண் மீன் காவல். எதைப் போட்டாலும் பாய்ந்து எடுக்கும், அதனால் ஆட்கள் வாளி வாளியாக அள்ளுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கிங்ஸ்டனுக்கு வடக்கே ஒப்பினிக்கன் ஏரியில் குயீன்ஸ் பல்கலைக்கழக நிலையத்தில் இந்த மீனைப் பல காலமாக ஆராய்கிறார்கள். கூடு கட்டாத சின்ன ஆண்களும் இருக்கின்றன, காவல் ஆண் பார்க்காத நேரத்தில் புகுந்து முட்டையைக் கருவாக்கிவிட்டு ஓடிவிடும், பெரிதாக வளராது. காவல் நிற்கிற பெரிய ஆண்களை அள்ளிக்கொண்டு போனால் அந்தக் கூட்டில் இருக்கிற முட்டையும் குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. கறிக்கு நடுத்தர அளவானவற்றை எடுங்கள், பெரியதைத் திருப்பி விடுங்கள்.

ஸ்காபரோ_தூண்டில்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 1/32 ஜிக்கும் 4 இறாத்தல் தங்கூசியும் வாங்கிவிட்டேன், தக்கையும் எடுத்தேன். இரண்டு கேள்வி. ஜூலை, ஆகஸ்ட் வெயிலிலும் இதே முறைதானா? பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

பீற்றர்பரோ_மாமா எழுதியது:

18 வயதுக்குக் கீழே ஒன்ராறியோவில் வசிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டாம், ஆனால் எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற கணக்கு அவர்களுக்கும் உண்டு. ரைஸ் லேக் 17ஆம் மீன்பிடி வலயம், சிம்கோ ஏரி 16ஆம் வலயம், இரண்டுக்கும் விதி வேறு. புறப்படும் முன் மாகாண அரசின் தளத்தில் அந்த வருட விதியைப் பாருங்கள், போன வருடம் நண்பர் சொன்னதை நம்பிப் போக வேண்டாம். சின்ன ஜிக்குக்குப் பாஸும் வரும், சீசன் திறக்காத நாளென்றால் உடனே விட்டுவிட வேண்டும். பிளாஸ்ரிக்கில் ஒரு வசதி, 2022இலிருந்து உயிர் மீன் இரை, அட்டை இரையை வாங்கிய இரை வலயத்துக்கு (அது மீன்பிடி வலயத்திலிருந்து வேறு) வெளியே கொண்டுபோக முடியாது, இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜூலையில் பெரிய புளூகில் கரையில் நிற்காது. பாசி முடிகிற வெளி ஓரத்துக்குப் போய்விடும், பத்துப் பன்னிரண்டு அடி ஆழம். அங்கே நிலைத்த தக்கை சரிவராது, நூல் ஊடாக ஓடுகிற தக்கை வாங்கி, தடுப்பு முடிச்சை வேண்டிய ஆழத்தில் போடுங்கள். அந்த ஆழத்துக்கு மட்டும் 1/16 போடலாம், இல்லாவிட்டால் அது இறங்குவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போவோம் என்பார்கள். டொக்கில் இருந்து அவ்வளவு ஆழம் எட்டாது என்றால் விடிய ஆறு மணிக்கு முன்னால் போங்கள், அல்லது பொழுது சாயப் போங்கள், அப்போது கரைக்கு வரும்.