அவசர உதவி: தங்கச்சிக்கு யூபியூ கிடைக்கல, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டச் சொல்றாங்க

சிப்புட் பையன் – காலை 10.12
வணக்கம். நேத்து யூபியூ, அதான் மலேசிய அரசு பல்கலைக்கழக இட முடிவு, பார்த்தோம், தங்கச்சிக்கு இடம் இல்லன்னு வந்துருச்சு. நல்ல ரிசல்ட்தான். கோலாலம்பூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ்லேர்ந்து தினம் ரெண்டு தடவ ஃபோன். வெள்ளிக்கிழமைக்குள்ள 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டலன்னா சீட்டு போயிடுமாம். கட்டலாமா? வேற வழி இருக்கா? நான் சிஃப்ட்ல இருக்கேன், ரெஸ்ட் டைம்ல பார்க்குறேன்.

கௌரி ஈப்போ – 10.20
தம்பி, ஐந்தாம் படிவ எஸ்பிஎம்மா, ஆறாம் படிவ எஸ்டிபிஎம்மா? எத்தனை ஏ? யூபியூ ஃபாரத்துல 12 துறையும் போட்டாளா? என்ன துறை?

மோகன் தாப்பா – 10.31
மெட்ரிக், அதான் டிகிரிக்கு முன்னே அரசு நடத்துற முன்படிப்பு, போட்டாளா இல்லையா, அதையும் சொல்லுங்க.

பால்மரம் – 10.48
ரிசல்ட்டே கேட்க வேண்டாம், இது விளையாட்டு, சாரணர் மாதிரி புறப்பாட மார்க்குதான். மெரிட் கணக்குல பாடத்துக்கு 90, புறப்பாடத்துக்கு 10. அந்தப் பத்துலதான் தோட்டத்துப் பிள்ளைங்க விழுறாங்க. என் மகன் எஸ்டேட்லேர்ந்து படிச்சவன். பள்ளி வேன் மதியம் ஒன்றரைக்குக் கிளம்பிடும், அத விட்டா பதினாறு கிலோமீட்டர், யாராவது மோட்டார்ல வந்து ஏத்தணும். நான் தோட்டத்துல வெட்டு வேலைல இருப்பேன், வீட்டுக்காரி நாற்றங்கால்ல. சாரணர், ஓட்டம் எல்லாம் சாயந்திரம்தான் நடக்கும். மூணு வருஷம் பேரு மட்டும் இருந்துச்சு, ஆளு இல்ல. டவுன்ல இருக்குற பையன் 8, 9 வாங்குறான், இவனுக்கு 4 கூட வரல. மெரிட்ல அரைப் புள்ளிக்கே இடம் மாறுது, இவன் அஞ்ச விட்டுட்டு நிக்கிறான்.

அனுபவஸ்தன் – 11.05
வருஷா வருஷம் இதே கதை. ஃபாரம் போடும்போது படிக்க மாட்டாங்க, முடிவு வந்த பிறகு வந்து அழுவாங்க. யூபியூ லாட்டரி கிடையாது. எஸ்பிஎம் ரிசல்ட் வரும் முன்னே போட்ட விண்ணப்பத்த, வந்த பிறகு திறந்து துறை வரிசைய மாத்தச் சந்தர்ப்பம் கொடுக்குறாங்க. அப்போ தன் மார்க்குக்கு ஏத்த மாதிரி மாத்தினாளா? பன்னிரண்டும் ஆசைக்குப் போட்டா பன்னிரண்டும் போகும். முதல்ல ஆசை, நடுவுல நிச்சயம், கடைசில பாதுகாப்பு. இது கூடத் தெரியாமத்தான் எல்லாரும் ஃபாரம் போடுறாங்க.

கௌரி ஈப்போ – 11.11
அண்ணே, கேட்க வந்த பையன்கிட்ட இப்படிப் பேசினா அடுத்த தடவ யாரும் கேட்க மாட்டாங்க. விஷயம் சரி, தொனி வேணாம்.

மோகன் தாப்பா – 11.26
மெட்ரிக்குக்குப் போயிருக்கணும். ஒரு வருஷம்தான், நேரா டிகிரி. 2024ல பிரதமர் அன்வார் சொன்னாரே, எஸ்பிஎம்ல 10 ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் மெட்ரிக்ல இடம்னு.

ஆறாம் படிவம் வாழ்க – 11.40
10 ஏ எடுத்த பிள்ளைக்கு எல்லாரும் வழி சொல்லுவாங்க. அதுலயும் ஏ மைனஸ் சேருமாங்கிறது 2025ல பெரிய வாக்குவாதமாப் போச்சு. மீதிப் பிள்ளைங்களுக்கு மெட்ரிக்ல பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரங்க, மத்த பூர்வகுடிங்க) 90, நம்மள மாதிரி மத்தவங்களுக்கு 10ங்கிற பங்கீடு அப்படியேதான் இருக்கு. நான் எஸ்டிபிஎம்ல வந்தவ. மூணு செமஸ்டர், ஒன்றரை வருஷம், கல்விக் கட்டணம் இல்ல, வீட்டுச் சோறு. முதல் ரெண்டு செமஸ்டர்ல ஒரு தாள் சொதப்பினா திரும்ப எழுதலாம். நம்ம பிள்ளைங்க பயந்து ஒதுங்குறாங்க.

மோகன் தாப்பா – 11.52
கஷ்டம்னு எல்லாரும் சொல்றது சும்மாவா? என் அக்கா மகள் முதல் செமஸ்டர்லயே விட்டுட்டா.

ஆறாம் படிவம் வாழ்க – 11.58
ஒருத்தி விட்டதுக்காக எல்லாரையும் தடுக்காதீங்க. 2002ல அரசு பல்கலைக்கழகத்துல இன கோட்டாவ எடுத்துட்டு மெரிட் கொண்டு வந்தாங்க. மெட்ரிக்கும் எஸ்டிபிஎம்மும் வேற வேற அளவுகோல், ஆனா ஒரே தட்டுல வச்சு எடை போடுறாங்க. அந்த வருத்தம் எனக்கு இன்னைக்கும் இருக்கு. அதுக்காக அந்தப் பாதையவே மூடணுமா?

மோகன் தாப்பா – 12.04
அதத்தான் நானும் சொல்றேன், எடை சரியில்லாத பாதைல ஏன் அனுப்பணும்?

ஓய்வு டீச்சர் – மதியம் 12.30
பிள்ளைங்களா, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். தம்பி, ரெண்டு கேள்வி. ஒண்ணு, அவ போட்ட துறைங்கள்ல ஹேஷ் (#) குறி போட்டது எத்தனை? அந்தக் குறி இருந்தா நேர்முகத் தேர்வோ சோதனையோ உண்டு. போகலன்னா மார்க் எவ்வளவு இருந்தாலும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு, விண்ணப்பத்துல யாரோட ஈமெயில், யாரோட நம்பர் இருக்கு?
பணத்த இப்பக் கட்டாதீங்க. தனியார் காலேஜ்ல வருஷத்துக்குப் பல தடவ மாணவர் சேர்க்குறாங்க, ஒரு வெள்ளிக்கிழமையோட கதவு சாத்தாது. பிள்ளைங்க கட்டணத்துலதான் அவங்க ஓடுறாங்க, அதான் இவ்வளவு ஃபோன். துறையோட பேர எம்க்யூஏ, அதான் படிப்புக்கு அங்கீகாரம் தர்ற அரசு அமைப்பு, அவங்க இணையத்தளத்துல தேடுங்க. குறியீட்டுல பிஏன்னு இருந்தா தற்காலிக அங்கீகாரம், எஃப்ஏன்னு இருந்தா முழுசு. பேரே இல்லன்னா விடுங்க, அரசோட பிடிபிடிஎன் கல்விக் கடனும் கிடைக்காது.

சிப்புட் பையன் – மதியம் 1.15
எஸ்பிஎம். 5 ஏ, மீதி பி, ஒரு சி. மெட்ரிக் போட்டா, கிடைக்கல. யூபியூ ஃபாரம் டவுன்ல ஃபோட்டோஸ்டேட் கடைல போட்டது. டீச்சர் கேட்டது பார்த்துச் சொல்றேன்.

அனுபவஸ்தன் – 1.22
ஃபோட்டோஸ்டேட் கடை. கதை அங்கயே முடிஞ்சுது.

ஓய்வு டீச்சர் – 1.27
முடியல தம்பி. மேல்முறையீட்டுக்கு நாள் கொஞ்சம்தான் தருவாங்க, கடைசித் தேதிய இன்னைக்கே போர்ட்டல்ல பாருங்க. இந்தத் தடவ உங்க ஈமெயில் போடுங்க. ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக் பக்கத்துலயே இருக்கு, 1969ல திறந்தது, நாட்டுலயே முதல் பொலிடெக்னிக். அங்க டிப்ளமா ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. கூடவே ஆறாம் படிவத்துக்கு எந்தப் பள்ளில இடம் வந்திருக்குன்னும் பாருங்க, அது தனி முடிவு. ஒண்ணுக்குக் காத்திருந்து இன்னொண்ண விட்டுடாதீங்க.

பால்மரம் – 2.03
அப்பா அம்மா தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துல உறுப்பினரா? கல்வி உதவி பத்தி விசாரிங்க. காசு இடிச்சா இபிஎஃப் சேமநிதில பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம், முன்னே இரண்டாம் கணக்குன்னு இருந்துச்சே, 2024 மே மாசத்துலேர்ந்து செஜாத்ரா கணக்குன்னு பேர்.

சிப்புட் பையன் – இரவு 9.40
பார்த்தேன். பன்னிரண்டுல ஏழு ஹேஷ் குறி. ஈமெயில் கடைக்காரரோடது. இப்பக் கடைக்குப் போய்த் திறக்கச் சொன்னேன், ரெண்டு நேர்முகத் தேர்வு அழைப்பு அப்படியே கிடக்கு. தேதி போயிடுச்சு. ஆளு நல்லவரு, நாலஞ்சு பிள்ளைங்களுக்கு அதே ஈமெயில் போட்டிருக்காரு, இவருக்கும் தெரியல. தங்கச்சி அழுதுட்டு இருக்கா.

கௌரி ஈப்போ – 9.52
மத்த பிள்ளைங்க யாருன்னு அவருகிட்ட கேட்டு இன்னைக்கே சொல்லச் சொல்லுங்க தம்பி. அவங்களுக்குத் தேதி இருக்கலாம்.

அனுபவஸ்தன் – 10.06
நான் பேசினது தப்பு. மேல்முறையீட்டுக்குத் துறை பட்டியல் போடும்போது எனக்குத் தனியா அனுப்புங்க, நான் உக்காந்து பார்த்துத் தரேன்.

சிப்புட் பையன் – 9 நாள் கழித்து, மாலை 6.18
நன்றி எல்லாருக்கும். மேல்முறையீடு போட்டாச்சு, பதில் வரல. திங்கள்லேர்ந்து ஆறாம் படிவம் போறா. கடைக்காரர் சொல்லி இன்னொரு பிள்ளை நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கு. அந்த 500 வெள்ளிய அம்மா முன்னேயே கட்டிட்டாங்களாம், எனக்குத் தெரியாது. திருப்பிக் கேட்டு எழுதியிருக்கேன்.