ரத்தத்துல குமிழி விட்டா அடைச்சுக்காதா?

செம்பூர்க்காரி:
நேத்து அப்பாவுக்கு எக்கோ, அதான் இதய ஸ்கேன். படம் தெளிவா வரலைன்னு, ஒரு குப்பியைக் குலுக்கி, பால் மாதிரி வெள்ளையா இருந்த மருந்தைக் கை நரம்புல ஏத்தினாங்க. நுண்குமிழியாம். ட்ரிப்ஸ் ட்யூப்ல ஒரு காத்துக் குமிழியைப் பார்த்தாலே நர்ஸைத் தேடி ஓடுறவ நான், பதறிப்போயிட்டேன். ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தவும் இதை வெச்சு ஆராய்ச்சி நடக்குதாமே, நிஜமா?

சயான் ஸ்கேன்:
பயப்படாதீங்க அக்கா. குமிழி சில மைக்ரான்தான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). சிவப்பணுவே 7, 8 மைக்ரான். அது நுழையற இடத்துல இதுவும் நுழைஞ்சிடும். உள்ள இருக்கற வாயு சில நிமிஷத்துல மூச்சோட வெளியேறிடும். அபூர்வமா அலர்ஜி வரலாம், அதுக்குத்தான் அரை மணி உக்கார வைப்போம்.

பவாய் மாணவன்:
அந்த ஆராய்ச்சி நிஜம்தான், ஆனா பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவுல. அல்ட்ராசவுண்ட் பட்டா குமிழி சுருங்கி விரியும். பக்கத்துக் குமிழிகளை இழுத்துக் கொத்தாச் சேரும். ஒலி அந்தக் கொத்தைத் தள்ளும். ரெண்டாப் பிரியற மெல்லிய குழாயில, வேண்டிய கிளைப் பக்கம் அதைத் திருப்பலாம். கண்ணால பார்க்கணும், அவ்வளவு அழகு! சுண்டெலிக் காலில் குமிழியோட அல்ட்ராசவுண்ட் குடுத்தப்போ, ரத்தநாளச் சுவர் நாளத்தை விரிக்கற நைட்ரிக் ஆக்சைடு விட்டு ரத்த ஓட்டம் கூடியிருக்கு. ஒலியோட அழுத்தம் மிஞ்சினா நுண்நாளம் சிதைஞ்சு ஓட்டம் நின்னுடும். புற்றுக்கட்டிக்கு ரத்தம் போகாம தடுக்க அதையே முயற்சி பண்றாங்க. அப்பாவுக்குச் செஞ்சது அது இல்லை, வெறும் படம் எடுக்கற அளவு.

செம்பூர்க்காரி:
ரொம்ப நன்றி தம்பி. அப்பாகிட்ட இப்பவே படிச்சுக் காட்டறேன்.