பார்ஸ்னிப்: விதை முளைக்கும் வரைதான் பெரும்பாடு

கேரட் குடும்பத்து வெளிர்நிறக் கிழங்கான பார்ஸ்னிப் முளைக்கவில்லை என்றால் மண்ணைக் குறை சொல்வதற்கு முன் பாக்கெட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். கேரட் விதை மூன்று வருடம் தாங்கும். இதற்கு ஒரு வருடம்தான் உயிர், அடுத்த வருடம் பாதி தேறுவதே அரிது. மீந்ததை எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது மண்ணின் சூடு. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நான்கு வாரம்கூட இழுக்கும், அதற்குள் பல விதைகள் அழுகிவிடும். 15 முதல் 18 டிகிரியில் இரண்டு, மூன்று வாரம். 25-ஐத் தாண்டினால் முளைப்பு மறுபடி படுத்துவிடும்.

விதை தட்டையாக, ஓரத்தில் சவ்வு வைத்தாற்போல இருக்கும். காற்றடிக்கும் நாளில் உள்ளங்கையிலிருந்தே பறந்துவிடும். 1 முதல் 1.5 செ.மீ. ஆழத்துக்குக் கோடு கிழித்து, முதலில் கோட்டை நனைத்துவிட்டு, 15 செ.மீ.க்கு ஓரிடமாக மூன்று மூன்று விதை போடுங்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. மூடுவதற்குச் சலித்த கம்போஸ்ட் அல்லது வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்) தான் சரி. தோட்டத்து மண் காய்ந்து ஓடுபோல் இறுகினால் முளை அதை முட்டித் திறக்காது.

*

மேலே சொன்னதோடு ஒன்று. ஊறத் தொடங்கிய விதை ஒரே ஒரு நாள் காய்ந்தாலும் போச்சு. நனைத்த சாக்கை வரிசைமேல் விரியுங்கள். பத்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும். பூவாளியில் மெல்லிய துளை மூடி போட்டே தண்ணீர் விடுங்கள்.

சாக்கு விரிக்காத வரிசையானால் இடையிடையே முள்ளங்கி விதை தூவலாம். நாலைந்து நாளில் முளைத்து வரிசையைக் காட்டிக்கொடுக்கும். பார்ஸ்னிப்பின் வித்திலைகள், அதாவது முளைத்ததும் வரும் முதல் இரண்டு இலைகள், ஒடுங்கி நீண்டு புல்போலவே இருப்பதால், களை என்று பிடுங்கிவிடுபவர்கள் அதிகம். வட்டமான, பல் பல்லாக வெட்டுப்பட்ட மூன்றாவது இலை வந்த பிறகுதான் அடையாளம் உறுதி. அப்போது இடத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

*

விதை பழசா புதுசா என்ற சந்தேகம் இருந்தால், ஈர டிஷ்யூவில் பரப்பி மூடியுள்ள டப்பாவில், 20 டிகிரி அளவில் வையுங்கள். ஆறாம் நாள் முதல் பாருங்கள். வெள்ளை வேர் 3 முதல் 5 மி.மீ. எட்டிப் பார்த்ததும் நட்டுவிட வேண்டும். 1 செ.மீ. ஆனால் ஒடியும். ட்வீசரால் விதையின் சவ்வு ஓரத்தைப் பிடியுங்கள், வேரில் படவே கூடாது. நாற்றுத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவது மட்டும் வேண்டாம். ஆணிவேர் தட்டின் அடியில் முட்டி வளைந்தால், கிழங்கும் அப்படியே வளைந்துதான் வரும்.

*

கிழங்கு இரண்டு காலாகப் பிரிவதற்குக் காரணம் கல், அல்லது மக்காத சாணம். தொழுவுரம் போட்ட பாத்தி என்றால் அந்த வருடம் அதில் வேறு பயிர் வையுங்கள். கல் மண்ணுக்குக் கடப்பாரை வழி இருக்கிறது: 60 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, வாய் 15 செ.மீ. அகலும்வரை சுழற்றி, சலித்த மணலும் கம்போஸ்ட்டும் கலந்து நிரப்பி, மேலே மூன்று விதை.

கிழங்கின் கொண்டைப் பகுதியில், அதாவது இலை கிளம்பும் மேல்முனையில், பழுப்பாகவோ கறுப்பாகவோ அழுகினால் அது கேங்கர் நோய். மண் காய்ந்து திடீரென நனைந்து வெடித்த வேரிலும், கேரட் ஈயின் புழு கடித்த வேரிலும் எளிதில் நுழையும். சீரான ஈரம், 6.5-க்குக் குறையாத மண் பிஎச் (அமில-கார அளவு), கொண்டை வெளியே தெரியாதபடி மண் அணைப்பு, இவைதான் தடுப்பு.

இலைச் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் இலையில் கை வைக்காதீர்கள்.

விதைத்து 16 வாரத்திலிருந்து தோண்டலாம். உறைபனி விழும் இடமானால் சில பனி பட்ட பிறகு எடுங்கள், மாவுச்சத்து சர்க்கரையாகி இனிக்கும். ஆனால் குளிர் முடிந்து புதுத் தளிர் விடுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், பூத்தண்டு கிளம்பினால் நடுப்பகுதி கட்டையாகிவிடும்.